மடிக்கணினியில் வைஃபை வரவில்லையா? பழுது எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா அழைத்தார். "மடிக்கணினியில் வைஃபை வரவில்லை. போனில் நன்றாக வருகிறது. அப்படியென்றால் மடிக்கணினியில்தானே கோளாறு?" என்றார். நானும் நம்பிவிட்டேன். டிரைவரை, அதாவது வைஃபை கருவியை இயக்கும் மென்பொருளை, நீக்கி மறுபடி நிறுவச் சொன்னேன், கடவுச்சொல்லை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. கடைசியில்தான் ரவுட்டரில் என்ன விளக்கு எரிகிறது என்று கேட்கத் தோன்றியது. "சிவப்பாக ஒன்று மினுக்குகிறது, காலையிலிருந்தே அப்படித்தான்" என்றார். தெருவில் ஃபைபர் கம்பி அறுந்து கிடந்தது. போனில் வந்துகொண்டிருந்தது மொபைல் டேட்டா.

வைஃபை வரவில்லை என்று யார் சொன்னாலும் இப்போது நான் மடிக்கணினியில் கைவைப்பதில்லை. இணையம் நம் திரைக்கு வந்து சேர நான்கு இடங்களைத் தாண்ட வேண்டும்: தெருவிலிருந்து வரும் கம்பி, ரவுட்டர், இடையில் உள்ள காற்று, மடிக்கணினி. எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தெரியாமல் வைத்தியம் பார்த்தால், நன்றாக இருப்பதையும் கெடுத்துவைப்போம். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். பட்டியல்களின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறலாம்.

படி 1: போனைச் சாட்சிக்கு அழையுங்கள்

முதலில் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எடுக்கும் எந்த முடிவும் செல்லாது. வைஃபை செத்துப்போனால் போன் சத்தமில்லாமல் சிம் இணையத்துக்குத் தாவிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. டேட்டாவை அணைத்த பிறகு, இதுவரை பார்க்காத ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

பக்கம் வரவில்லை என்றால் மடிக்கணினி நிரபராதி. நேராகப் படி 2-க்குப் போங்கள்.

வந்தால், சோதனையைத் திருப்பிப் போடுங்கள். போனின் டேட்டாவை மறுபடி இயக்கி, ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, மடிக்கணினியை அதனுடன் இணையுங்கள். இணைந்துவிட்டால் மடிக்கணினியின் வைஃபை கருவி நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கும் உங்கள் ரவுட்டருக்கும் இடையில்தான் ஏதோ ஒத்துப்போகவில்லை. அப்படியானால் படி 4, 5, 6 உங்களுக்கானவை. ஹாட்ஸ்பாட்டுடனும் இணையவில்லை என்றால் படி 3-ஐயும் 7-ஐயும் பாருங்கள்.

இந்த இரண்டு சோதனைகளுக்கும் ஐந்து நிமிடம் போதும். மீதி வேலையில் பாதி இதிலேயே குறைந்துவிடும்.

படி 2: ரவுட்டரின் விளக்குகள்

ஃபைபர் இணைப்புக்கான பெட்டியில் வழக்கமாக 'பவர்', 'பான்', 'லாஸ்' என்று விளக்குகள் இருக்கும். பான் விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் கம்பியில் ஒளி வருகிறது. லாஸ் சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளி வரவில்லை. பெட்டிக்குப் பின்னால் செருகியிருக்கும் மெல்லிய ஃபைபர் கம்பி மடங்கியிருக்கிறதா, பீரோவை நகர்த்தும்போது நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதன் முனையைக் கழற்றித் துடைக்க வேண்டாம், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் வேண்டாம். மற்றது நிறுவனத்தின் வேலை. புகார் கொடுக்கும்போது "நெட் வரவில்லை" என்பதைவிட "லாஸ் விளக்கு சிவப்பாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், மடிக்கணினியை மாற்றிப் பாருங்கள் என்ற வழக்கமான கேள்விகளில் பாதி குறைந்துவிடும்.

விளக்குகள் சரியாக இருந்தும் போனில் இணையம் வரவில்லை என்றால், மாதக் கட்டணம் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், என் வீட்டிலேயே நடந்திருக்கிறது.

பிறகு ரவுட்டரை அணையுங்கள். சுவிட்சை அணைத்து அரை நிமிடம் பொறுத்துப் போடுங்கள். அணைத்த வேகத்தில் போட்டால் உள்ளே இருக்கும் மின்சாரம் முழுதாக வடியாது. ஃபைபர் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் முதலில் பெட்டியை இயக்கி, அது நிலைக்கு வந்த பிறகு ரவுட்டரை இயக்குங்கள். அடிக்கடி தானாகவே அணைந்து எழுந்தால் ரவுட்டரைச் சந்தேகிக்கும் முன் அதன் அடாப்டரைச் சந்தேகியுங்கள். மின்தடையும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் உள்ள ஊர்களில் முதலில் உயிர்விடுவது அதுதான். புதிது வாங்கும்போது பழையதில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவு அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ரவுட்டரின் பின்புறம் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதுதான் ரீசெட். அதைக் குத்தாதீர்கள். யூடியூபில் பத்து பேர் குத்தச் சொல்வார்கள். குத்தினால் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் அழிவதில்லை. பல இணைப்புகளில், நிறுவனத்தின் ஆள் வந்து பதிந்துவிட்டுப் போன பயனர் பெயர் போன்ற அமைப்புகளும் சேர்ந்து போய்விடும். ஒரு மடிக்கணினிக்கு மட்டும் இல்லாதிருந்த இணையம் வீட்டில் யாருக்குமே இல்லாமல் ஆகும்.

படி 3: சுவிட்ச் அணைந்திருக்கிறதா?

கேட்கவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டாக வேண்டும். திரையின் வலது கீழ் மூலையில் விமானப் படம் தெரிந்தால் விமான முறை இயங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சொடுக்கி நீக்குங்கள். விசைப்பலகையின் மேல் வரிசையில் விமானமோ அலைக்கம்பமோ வரைந்த பொத்தான் ஒன்று இருக்கும். துடைக்கும்போதோ குழந்தையின் கை பட்டோ அது அழுந்தியிருக்கலாம். சில மாடல்களில் அதை 'எஃப்என்' பொத்தானோடு சேர்த்து அழுத்த வேண்டும். பழைய மடிக்கணினிகளில் பக்கவாட்டில் நகர்த்தும் சிறு சுவிட்ச் இருக்கும். பையில் வைத்து எடுக்கும்போது அது நகர்ந்துவிட்டால் உள்ளே எத்தனை மென்பொருள் மாற்றினாலும் பயனில்லை.

படி 4: உங்கள் வைஃபையின் பெயரே பட்டியலில் இல்லை

பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, நம்முடையது மட்டும் தெரியவில்லை. இதற்குப் பெரும்பாலும் அலைவரிசைதான் காரணம். இன்றைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டில் ஒலிபரப்புகின்றன. பெயரின் முடிவில் '5ஜி' என்று இருந்தால் அது 5 கிகாஹெர்ட்ஸைக் குறிக்கிறது. செல்போனின் 5ஜி-க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பத்தாண்டுக்கு முந்தைய, விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். பள்ளிக் காலத்தில் அரசு கொடுத்த மடிக்கணினியை இன்னும் வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் சரிபார்க்கலாம். போனின் உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் திறந்து 2.4 அணைக்கப்பட்டிருந்தால் இயக்குங்கள். அந்த முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் சரியான எண் இருக்கும்.

புதிய ரவுட்டர் வாங்கிய அன்றே இந்தத் தொல்லை வந்திருந்தால் வேறு காரணம் இருக்கக்கூடும். வைஃபை 6 ரவுட்டர்களின் பெயரைச் சில இன்டெல் வைஃபை கருவிகள் பழைய டிரைவரோடு இருக்கும்போது பார்க்கவே மாட்டா. டிரைவரைப் புதுப்பித்தால் பெயர் தெரியும். அதுவரை ரவுட்டரில் 'ஏஎக்ஸ்' முறையை (வைஃபை 6-இன் இன்னொரு பெயர்) அணைத்து வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த மடிக்கணினி. 2.4 அலைவரிசைக்குள் சேனல்கள் உண்டு. நம் நாட்டில் 1 முதல் 13 வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் 11-ஓடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதனால் அங்கே விற்கும் சில மடிக்கணினிகள் 12, 13-ஐத் தேடுவதே இல்லை. ரவுட்டரில் சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக மாற்றினால் போதும். இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை என்பதால் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் இவையே நல்லது.

படி 5: பெயர் தெரிகிறது, இணைய மறுக்கிறது

ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், மடிக்கணினி பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அதை மறக்கச் செய்யுங்கள். 'செட்டிங்ஸ்' திறந்து, 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'வைஃபை', 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' என்று போய், உங்கள் வைஃபையின் பெயருக்கு எதிரே 'ஃபர்கெட்' கொடுங்கள். பிறகு புதிதாக இணையுங்கள்.

கடவுச்சொல்லை நினைவிலிருந்து அடிக்காதீர்கள். வைஃபையில் இணைந்திருக்கும் ஆண்ட்ராய்டு போனில் அந்த இணைப்பின் 'ஷேர்' பொத்தானைத் தொட்டால் கியூஆர் சதுரம் வரும். பல போன்களில் அதன் கீழேயே கடவுச்சொல் எழுத்தாகவும் தெரியும். அதைப் பார்த்து அடியுங்கள். பூஜ்யத்தையும் ஆங்கில 'ஓ'வையும், ஒன்றையும் சிறிய 'எல்'லையும் குழப்பிக்கொள்வதால் வீணாகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு என்பதையும் கவனியுங்கள்.

கடவுச்சொல் சரிதான், ஆனாலும் 'இணைக்க முடியவில்லை' என்றே வருகிறதா? ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ2 என்பது 2004-இல் வந்தது, டபிள்யூபிஏ3 2018-இல் வந்தது. ரவுட்டரில் '3 மட்டும்' என்று வைத்திருந்தால் பழைய கருவிகள் உள்ளே வர முடியாது. இரண்டும் கலந்த முறையை, அதாவது 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து விடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம்.

அனுமதித்த கருவிகளை மட்டும் சேர்க்கும் 'மேக் ஃபில்டர்' ரவுட்டரில் இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால், விண்டோஸின் வைஃபை அமைப்பில் உள்ள 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்' அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மடிக்கணினி மாறுவேடத்தில் வந்து நிற்கும், ரவுட்டர் வெளியே நிறுத்திவிடும்.

படி 6: இணைந்திருக்கிறது, இணையம் மட்டும் இல்லை

வைஃபை குறிக்குப் பதிலாக உலக உருண்டை தெரியும், அல்லது 'நோ இன்டர்நெட்' என்று வரும். விண்டோஸ் இதை எப்படிச் சொல்கிறது தெரியுமா? மைக்ரோசாஃப்டின் சர்வரிலிருந்து ஒரு சின்னஞ்சிறு உரைக் கோப்பைக் கேட்டுப் பார்க்கிறது. அது வராவிட்டால் இணையம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. அதனால் அறிவிப்பை மட்டும் நம்பாமல் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

திறக்கவில்லை என்றால் மடிக்கணினிக்குக் கிடைத்திருக்கும் முகவரியைப் பார்க்க வேண்டும். வைஃபை அமைப்பில் உங்கள் இணைப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து 'ஐபிவி4 அட்ரஸ்' வரியைத் தேடுங்கள்.

அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, மடிக்கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. அதே பக்கத்தில் 'ஐபி அசைன்மென்ட்' என்பது 'ஆட்டோமேட்டிக்' ஆக இருக்கட்டும். அலுவலகத்தில் யாரோ நிரந்தர எண் ஒன்றைப் பதிந்துவைத்து, அது வீட்டுக்கும் கூடவே வந்துவிடுவது உண்டு. ஆட்டோமேட்டிக்காக மாற்றி, வைஃபையை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் ரவுட்டர் வரை வழி திறந்திருக்கிறது. இப்போது உலாவியின் முகவரிப் பட்டையில் 1.1.1.1 என்று மட்டும் அடியுங்கள். அந்தப் பக்கம் திறந்தாலோ, பட்டையில் எண் போய் வேறு பெயர் வந்து அங்கே நின்றுவிட்டாலோ, இணையம் வீடு வரை வந்துவிட்டது என்று பொருள். பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் படுத்திருக்கிறது. 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்' அருகே 'எடிட்' கொடுத்து, 'மேனுவல்' தேர்ந்து, ஐபிவி4-ஐ இயக்கி, முதல் இடத்தில் 8.8.8.8, இரண்டாவது இடத்தில் 1.1.1.1 என்று பதியுங்கள். முன்னது கூகுளுடையது, பின்னது கிளவுட்ஃபிளேருடையது. இரண்டும் இலவசம்.

எண்ணும் திறக்கவில்லை என்றால், நம் இணையத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் செயலி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். சில விபிஎன்கள் தாம் துண்டிக்கப்பட்டால் மொத்த இணையத்தையும் அடைத்துவிடும்படி அமைந்தவை. அலுவலக மடிக்கணினி என்றால் 'பிராக்ஸி' (இணையத்துக்கு நடுவே நிற்கும் இடைச் சர்வர்) பகுதியில் அலுவலக எண் மிச்சமிருக்கலாம். வீட்டில் அதை அணைத்து வையுங்கள். காலாவதியான ஆன்டிவைரஸும் இப்படிக் குறுக்கே நிற்பதுண்டு.

எல்லாத் தளமும் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டினால் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். வெகுநாள் கிடப்பில் இருந்த மடிக்கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தேதி உண்டு, கடிகாரம் தவறினால் எல்லாச் சான்றிதழும் செல்லாதவையாகத் தெரியும். தேதியைச் சரிசெய்த மறுகணம் எல்லாம் திறக்கும். அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி திரும்பவும் மாறினால் உள்ளே இருக்கும் காசு அளவுள்ள பேட்டரி தீர்ந்திருக்கிறது.

படி 7: டிரைவர்

இங்கே தொடங்குவதற்கு முன் 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். 'ஷட் டவுன்' செய்து மறுபடி இயக்குவது போதாது. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுகின்றன. குழம்பிப்போன டிரைவர் குழப்பத்தோடேயே எழும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். பலருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

முடியாதவர்கள் ஸ்டார்ட் பொத்தானில் வலது சொடுக்கு செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள். இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் ஆகியவற்றில் ஒன்றின் பெயரோடு வைஃபை கருவி இருக்கும்.

1. அதன் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ முடக்கியிருக்கிறார்கள். வலது சொடுக்கில் 'எனேபிள்' கொடுங்கள்.
2. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோயிருந்தால் 'பிராப்பர்ட்டீஸ்', 'டிரைவர்', 'ரோல் பேக் டிரைவர்'. பழைய டிரைவர் இல்லாவிட்டால் அந்தப் பொத்தான் மங்கியிருக்கும்.
3. அதுவும் பலிக்கவில்லை என்றால் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், விண்டோஸ் தானே மறுபடி நிறுவிக்கொள்ளும். அப்போது டிரைவர் கோப்பையும் சேர்த்து நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் குறி போடாதீர்கள். போட்டால் மறுபடி நிறுவ எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

இணையம் இல்லாமல் புதிய டிரைவரை எப்படி இறக்குவது? போனை யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் பகுதியில் 'யுஎஸ்பி டெதரிங்' இயக்குங்கள். ஆண்ட்ராய்டு என்றால் மடிக்கணினி அதைக் கம்பி வழி இணையமாகவே எடுத்துக்கொள்ளும், வைஃபை கருவி தேவையில்லை. மடிக்கணினியின் அடியில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். 'உங்கள் டிரைவர்கள் எல்லாவற்றையும் புதுப்பித்துத் தருகிறோம்' என்று கூவும் இலவசச் செயலிகளின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

பட்டியலில் வைஃபை கருவியே இல்லையா? மடிக்கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரை உருவி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டி இயக்குங்கள். மந்திரம் போலத் தெரிந்தாலும் உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து கருவி புதிதாக விழித்துக்கொள்கிறது. காணாமல்போன கருவி திரும்பி வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

படி 8: வருகிறது, போகிறது

விட்டு விட்டுத் துண்டிக்கிறது என்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கருவியின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்கிவிடுங்கள். சில மாடல்களில் அந்தப் பக்கமே இருக்காது, கவலை வேண்டாம்.

அடுத்து வீட்டைப் பாருங்கள். ரவுட்டர் இரும்பு பீரோவின் மேலோ டிவிக்குப் பின்னாலோ இருந்தால் அலை அங்கேயே மடங்கிவிடும். தூரம் அதிகமென்றால் 2.4-இல் இணையுங்கள், அது சுவரை ஓரளவு ஊடுருவும். அருகிலேயே இருந்தால் 5, அதில் வேகம் அதிகம். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் துண்டிக்கிறதென்றால் அதுவும் 2.4 பக்கத்திலேயே இயங்குவதுதான் காரணம். மடிக்கணினியில் செருகிய யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பக்கூடியது. அதை உருவிப் பாருங்கள்.

படி 9: கடைசி ஆயுதம், அதற்குப் பிறகு கடை

'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியின் அடியில் 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கும். விண்டோஸ் 11-இல் அது 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்' உள்ளே இருக்கிறது. இது ரவுட்டர் ரீசெட் அல்ல, மடிக்கணினியின் இணைய அமைப்புகளை மட்டும் புதிதாக்கும். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் போய்விடும், விபிஎன் செயலியை மறுபடி நிறுவ வேண்டியிருக்கலாம். அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் பழுது வன்பொருளில் இருக்கலாம். மூடியின் கீல் உடைந்து சரிசெய்த மடிக்கணினியா? திரையின் ஓரத்தில் இருக்கும் ஆன்டெனாவிலிருந்து வைஃபை அட்டைக்கு வரும் இரண்டு மெல்லிய கம்பிகள் கழன்றிருக்கலாம். ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் மட்டும் சிக்னல் கிடைக்கிறதென்றால் பெரும்பாலும் அதுதான். கடைக்காரரிடம் "ஆன்டெனா கம்பியைப் பாருங்கள்" என்று சொல்லியே கொடுங்கள், மதர்போர்டு வரை பேச்சு போகாது. அட்டையே போயிருந்தாலும் பல மாடல்களில் அதை மட்டும் மாற்றலாம்.

கடைக்கு அலைய நேரமில்லாதவர்களுக்கு யுஎஸ்பி துளையில் செருகும் சிறு வைஃபை கருவியான டாங்கிள் இருக்கிறது. இரண்டு அலைவரிசையும் பிடிப்பதாகப் பார்த்து வாங்குங்கள். செருகியதும் வைஃபையாகத் தெரியாமல் சிடி டிரைவ் போலத் தெரிந்தால் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். சில டாங்கிள்கள் தம் டிரைவரைத் தம்முள்ளேயே வைத்திருக்கின்றன. அந்த டிரைவைத் திறந்து உள்ளே உள்ள நிறுவல் கோப்பை ஒருமுறை ஓட்டினால் வைஃபையாக மாறிவிடும்.